குழு வேலையில் எதைப் பேசுவது, எதை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைச்சொல் தொகுப்பு ஒன்றைப் பதினோரு பேர் சேர்ந்து செய்தபோது ஒருங்கிணைப்பு வேலை என் தலையில் விழுந்தது. அதன் பிறகு வேறு சில குழுக்களிலும் அதே பொறுப்பு. எங்கே போனாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பானவை பின்னால். கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. எட்டுப் பேர்தான் இருக்கிறோம். ஒரு வாட்ஸ்அப் குழு போதாதா?

ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்றால் தாராளமாகப் போதும். மூன்று மாதம் ஓடுகிற வேலை என்றால் இரண்டாவது வாரமே திணறல் தொடங்கிவிடும். அரட்டைக் குழுவில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. காலையில் நீங்கள் போட்ட கேள்வியின் மேல் மதியத்துக்குள் நான்கு பிறந்தநாள் வாழ்த்தும் ஒரு மழைப் படமும் ஏறி உட்கார்ந்துவிடும். பத்து நாள் கழித்து, “எழுத்துரு அளவு என்ன முடிவு செய்தோம்?” என்று ஒருவர் கேட்பார். மூன்று பேர் மூன்று எண்ணைச் சொல்வார்கள்.

அரட்டைக் குழுவை மூட வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சுக்கு அதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நிலையான இடத்தையும் ஏற்படுத்துங்கள். எடுத்த முடிவு, எடுத்த தேதி, யார் பொறுப்பு, எப்போது கெடு ஆகிய நான்கும் அங்கே இருக்க வேண்டும். பகிர்வு ஆவணமாக இருக்கலாம், விரிதாளாக இருக்கலாம், சுவரில் ஒட்டிய தாளாகக்கூட இருக்கலாம். இனி இந்தப் பக்கம் முழுவதும் அதை ‘ஏடு’ என்றே குறிப்பிடுகிறேன். பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

2. என்ன இருந்தாலும் நேரில் பேசுவது போல வருமா?

சில காரியங்களுக்கு வராது. வேறு சிலவற்றுக்கு நேரில் பேசுவதுதான் மோசமான வழி. 1980-களின் நடுவில் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற இரு மேலாண்மை ஆய்வாளர்கள் ஊடகங்களை ஓர் ஏணியில் அடுக்கிக் காட்டினார்கள். உச்சியில் நேர்முகப் பேச்சு, அடுத்துத் தொலைபேசி, பிறகு கடிதம், அடியில் வெறும் எண் பட்டியல். உடனே மறுமொழி வருகிறதா, குரலும் முகமும் தெரிகின்றனவா என்பவையெல்லாம் அவர்கள் பார்த்த அளவுகோல்கள். பலர் ஏணியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, உயரே போகப் போக நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்னது வேறு. தகவல் போதவில்லை என்றால் எளிய ஊடகமே போதும். தகவல் கையில் இருந்தும் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள் என்றால்தான் ஏணியில் மேலே போக வேண்டும்.

2008-இல் ஆலன் டென்னிஸ், ராபர்ட் ஃபுல்லர், ஜோசஃப் வலாசிச் மூவரும் அந்த ஏணியையே கேள்விக்குள்ளாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் சிறந்த ஊடகம் என்று ஒன்று கிடையாது என்பது அவர்கள் வாதம். நேர்ப்பேச்சில் பதில் உடனே வருகிறது, உண்மைதான். ஆனால் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்க்க முடியாது, சொன்னதைத் திரும்பப் படிக்க முடியாது, ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசவும் முடியாது. எழுத்தில் இந்த மூன்றும் முடியும். நாற்பது சொற்களின் பட்டியலைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டியவர் எங்கள் குழுவில் உண்டு. இருபதாவது சொல்லைத் தாண்டும்போது பாதிப் பேர் வேறு உலகத்தில் இருந்தார்கள்.

3. அப்படியானால் எதை எழுதுவது, எதைப் பேசுவது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

இருப்பதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எழுத்து. வேறுபட்ட புரிதல்களை ஒன்றாக்குவதற்குப் பேச்சு. முன் பதிலில் சொன்ன மூவர் போட்ட கோடு ஏறத்தாழ இதுதான். அறிக்கை, பட்டியல், தேதி மாற்றம், வரைவு ஆகியவற்றை அவரவர் தமக்கு வசதியான வேகத்தில் படித்து யோசிக்க வேண்டும். இரண்டு வழிகளில் எதில் போவது, யாருடைய பகுதியைச் சுருக்குவது, மனத்தாங்கல் எங்கிருந்து வந்தது ஆகியவற்றை உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் தொகுப்பில் ‘அச்சு’ என்ற சொல் பெரும்பாடு படுத்தியது. புத்தகம் அடிப்பதும் அச்சு, வண்டிச் சக்கரத்தைத் தாங்குவதும் அச்சு, பண்டம் வார்ப்பதும் அச்சு, வரைபடத்தில் கிடைக்கோடும் அச்சு. எதற்கு இந்தச் சொல்லை விடுவது, எதற்கு வேறு சொல் தேடுவது என்று அரட்டைக் குழுவில் இரண்டு நாள் இழுத்தோம். கடைசியில் அழைப்பில் கூடினோம். கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. பேச்சின் பெருமை என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. முந்தின இரவு ஒருவர் நான்கு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒரு பக்கத்தில் எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார். எல்லாரும் அதைப் படித்துவிட்டு வந்ததால்தான் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. எழுதி, படித்து, பிறகு பேசி, பேசியதை மறுபடி ஏட்டில் எழுதுவது. பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த வரிசை உதவுகிறது.

4. மின்னஞ்சலை இன்னும் யார் பார்க்கிறார்கள்?

வேலைக்குப் பொறுப்பானவர்கள் பார்க்கிறார்கள். ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பி, முகவரிக்கு நடுவில் ‘@’ குறியைப் போட்ட காலத்திலிருந்து இதை ஒழித்துவிடப் பல கருவிகள் வந்து போய்விட்டன. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்கான திருத்தங்கள் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் அனுப்பப்பட்டு, மின்னஞ்சலில்தான் அலசப்படுகின்றன. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானோர் அப்படி வேலை செய்கிறார்கள்.

குழுவுக்கு வெளியே இருப்பவரோடு பேச, நீண்ட விளக்கம் தர, பின்னால் சான்றாகக் காட்ட மின்னஞ்சலுக்கு இணை இல்லை. ஒரு மடலில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். ‘வணக்கம்’ என்று தலைப்புப் போடாதீர்கள்; ‘மூன்றாம் பகுதி: மெய்ப்பு 12-ஆம் தேதிக்குள் தேவை’ என்று போடுங்கள். மூன்று கேள்விகளை ஒரே மடலில் வைத்தால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். இது எனக்கு நடந்த அளவுக்கு உங்களுக்கும் நடந்திருக்கும்.

5. சாதாரணமாகத்தான் எழுதினேன், அவர் கோபித்துக்கொண்டார். எழுத்தில் தொனி தெரியாதா?

எழுதுகிறவர் காதில் தெரியும், படிக்கிறவர் காதில் தெரியாது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005-இல் வெளியிட்ட சோதனைகளில், கிண்டலாகச் சொன்னதை மின்னஞ்சலில் படித்தவர் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் மிகுந்த நம்பிக்கையோடு இருந்தார்கள். படித்தவர்களோ நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொல்வதைவிடச் சற்று மேலாகத்தான் கணித்தார்கள். அதே வாக்கியத்தைக் குரலில் கேட்டவர்கள் மிகுதியாகச் சரியாகச் சொன்னார்கள். எழுதும்போது நம் மனத்தில் ஒலிக்கும் குரல், எழுத்தோடு சேர்ந்து போவதில்லை.

தமிழில் இதற்கு இன்னும் சில கண்ணிகள் உண்டு. ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் அது சம்மதமா, நாசூக்கான மறுப்பா, சந்திக்கலாம் என்ற அழைப்பா? ‘சரி’ என்பதை ஒருமுறை எழுதினால் ஒப்புதல், ‘சரி சரி’ என்றால் சலிப்பு. ஒருமுறை நான், “ஐந்தாம் பக்கத்துக்குப் படம் எடுத்துவிடுங்கள்” என்று அவசரத்தில் தட்டிவிட்டேன். புகைப்படம் எடுக்கச் சொன்னேன். அவர் இருந்த படத்தையும் நீக்கிவிட்டு, “எடுத்துவிட்டேன்” என்று பதில் போட்டார். இரண்டு நாள் இருவரும் வேலை முடிந்த நிம்மதியில் இருந்தோம்.

மறுப்பு, குறை, வருத்தம் ஆகியவற்றை எழுத்தில் அனுப்பாமல் அழைத்துச் சொல்லுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வினைச்சொல்லை வெளிப்படையாக எழுதுங்கள்: ‘நீக்குங்கள்’, ‘புதிதாகப் புகைப்படம் பிடியுங்கள்’, ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘எனக்கு உடன்பாடில்லை’. சற்று விறைப்பாகத் தோன்றும், பரவாயில்லை.

6. பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான் என்கிறார்களே, அப்புறம் எழுதி என்ன பயன்?

அந்த எண் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. சொல் ஒன்றும் குரலோ முகமோ இன்னொன்றும் காட்டும்போது, பேசுகிறவருக்கு நம்மீது விருப்பா வெறுப்பா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதே அங்கே கேள்வி. எல்லாத் தகவல் தொடர்புக்கும் அதைப் பொருத்தக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு விரிதாள் சூத்திரத்தைச் சொல் இல்லாமல் முகபாவத்தால் 93 சதவீதம் விளக்க முடிந்தவர் யாராவது இருந்தால் சந்திக்க ஆசை.

7. தமிழில் தட்டச்சு செய்ய நேரமாகிறது. குரல் பதிவு போட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

உங்களுக்கு மிச்சமாகும் நேரம் மற்றவர்களின் கணக்கில் செலவாகிறது. நான்கு நிமிடப் பதிவைப் பத்துப் பேர் கேட்டால் நாற்பது நிமிடம். அதே செய்தியைப் படிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம். அதோடு, பஸ்ஸிலோ கூட்டத்திலோ இருப்பவர் கேட்க முடியாது; பின்னால் தேடினாலும் அகப்படாது; தேதி எந்த நொடியில் வந்தது என்று மறுபடி முழுவதையும் ஓடவிட வேண்டும்.

ஆனாலும் குரல் பதிவை நான் விலக்கச் சொல்லமாட்டேன். ஐந்தாம் பதிலில் சொன்ன தொனிச் சிக்கலுக்கு அது நல்ல மருந்து. அழைத்தால் எடுக்க முடியாத ஒருவரிடம் வருத்தம் தெரிவிக்க, பாராட்ட, ஓர் உச்சரிப்பைக் காட்டக் குரல்தான் சரி. பதிவுக்குக் கீழே ஒரே வரி எழுதிவிடுங்கள்: ‘அட்டைப்பட நிறம் பற்றி, இன்று மாலைக்குள் பதில் வேண்டும்’. எழுதவே சிரமமென்றால் கைப்பேசி விசைப்பலகையில் இருக்கும் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகவே விழும். பிழை திருத்த அரை நிமிடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

8. காணொளிக் கூட்டத்தில் எல்லாரும் கேமராவைப் போட்டே ஆக வேண்டுமா?

முதல் சந்திப்பிலும், ஒருவருக்கொருவர் மனம் கோணியிருக்கும்போதும் போடுவது நல்லது. வாராந்திர நிலவரக் கூட்டத்துக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் காணொளிச் சோர்வுக்கு நான்கு காரணங்களைச் சொன்னார்: மிக நெருக்கத்தில் பல முகங்கள் உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது, இடத்தைவிட்டு அசைய முடியாதது, தலையசைப்பைக்கூட வலிந்து செய்ய வேண்டியிருப்பது. இவற்றில் இரண்டாவதை இன்றே நிறுத்தலாம். உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது.

ஒருவர் பேச்சில் ஒருவர் முட்டிக்கொள்வது வேறு கோளாறு. பத்து மொழிகளை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிநொடிதான் இருந்தது. குரல் அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தொல்லை இராது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணைப்பு சுணங்கி அது இரட்டிப்பானால் நம் காது பழகிய இடைவெளி குலைந்துவிடும். “நீங்கள் சொல்லுங்கள்”, “இல்லை, நீங்கள் சொல்லுங்கள்” என்று உபசாரம் நடக்கும். அப்போது கேமராவை அணைப்பது மரியாதைக் குறைவு ஆகாது. படத்தைவிடக் குரல் முக்கியம்.

9. நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் இருக்கிறோம், மூன்று பேர் திரையில். அந்த மூவர் வாயே திறப்பதில்லை.

திறக்க இடம் கிடைப்பதில்லை. அறையில் இருப்பவர் இருமுவது, சிரிப்பது, நாற்காலியை இழுப்பது எல்லாம் ஒரே ஒலிவாங்கி வழியாக ஒரே இரைச்சலாகப் போய்ச் சேர்கிறது. வெண்பலகையில் எழுதுவது அவர்களுக்கு ஒரு வெள்ளைப் பளபளப்பு. முன் பதிலில் சொன்ன தாமதமும் சேர்ந்துகொள்வதால், அவர்கள் வாயெடுப்பதற்குள் அறையில் அடுத்தவர் தொடங்கிவிடுகிறார்.

ஒருவர் திரையில் என்றால் எல்லாரும் திரையில் என்று வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த தீர்வு. அறையில் இருப்பவர்களும் தலையணி ஒலிப்பானோடு அவரவர் கணினியிலிருந்து சேரட்டும். வினோதமாக இருக்கிறதே என்று முதல் நாள் சிரிப்பார்கள். அது முடியாவிட்டால், ஒவ்வொரு பொருளிலும் முதலில் பேசும் முறை தொலைவில் இருப்பவர்களுக்கு.

10. ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இறுதி திருத்தியது 2’ என்று கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எது உண்மையானது?

கோப்பை இணைத்து அனுப்பும்வரை இந்தக் கேள்விக்கு விடையில்லை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு புதிய பிரதி. மூன்று பேருக்கு அனுப்பினால் நான்கு பிரதிகள். ஒரே ஆவணத்தைப் பொது இடத்தில் வைத்து அதன் சுட்டியை மட்டும் அனுப்புங்கள். கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் அமர்ந்து, மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே திரையைப் பகிர்ந்து, முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்து காட்டினார். அரை நூற்றாண்டு தாண்டியும் நாம் ‘இறுதி புதியது’ அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எல்லாரும் எப்போதும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால் வேறு கூத்து நடக்கும். திருத்துவோர், கருத்து மட்டும் சொல்வோர், படிப்போர் என்று உரிமையைப் பிரித்துக் கொடுங்கள். திருத்துவோரும் ‘பரிந்துரை’ முறையில் வைத்துத் திருத்தினால் பழைய வரி கண்ணில் இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருள் போன்ற, ஒரே நேரத்தில் ஒருவரே தொடக்கூடிய கோப்புகளுக்கு ஏட்டில் ஒரு வரி போதும்: ‘இப்போது கோப்பு யார் கையில்’.

11. புதிய யோசனைகள் வேண்டும். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசவிட்டால் வந்துவிடாதா?

வரும், ஆனால் தனித்தனியாக யோசித்துச் சேர்த்தால் வருவதைவிடக் குறைவாக. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் 1987-இல் வெளியிட்ட சோதனைகளில் முக்கியக் காரணமாகக் கண்டது எளியது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்குக் காத்திருப்பவர் யோசனையை மறந்துவிடுகிறார், அல்லது அதையே மனத்தில் பிடித்துக்கொண்டு வேறு யோசிப்பதில்லை. இரண்டாம் பதிலில் சொன்னபடி எழுத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு குரலைத் திறந்துவிட்டுப் பொறுக்கி எடுங்கள்.

12. மூத்தவர் ஒருவர் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

நம்மிடையே மரியாதை ஆழமானது. கூட்டத்தில் நேருக்கு நேர் மறுப்பது பலருக்கு நாக்கில் வராது. அவர்களைத் துணிச்சலாகப் பேசச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட, மறுத்ததாகத் தோன்றாத வழியை அமைத்துக் கொடுப்பது சுலபம். மூத்தவர் பேசுவதற்கு முன்பே, எல்லாரும் தம் கருத்தை இரண்டு வரியில் எழுதி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் பெயரில்லாமல் தொகுத்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவார். முன் பதிலின் பத்து நிமிட மௌனத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். என் அனுபவத்தில் மூத்தவர்களில் பலர் இதை வரவேற்கவே செய்கிறார்கள். தாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டல் வருவது அவர்களுக்கும் உள்ளூர அலுப்புதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கேரொல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985-இல் காட்டியதுபோல, குழுக்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி வெளியே வராமலே போகிறது. எழுதச் சொல்லும்போது கேள்வியை, ‘உங்கள் கருத்து என்ன?’ என்று வைக்காதீர்கள். ‘மற்றவர்களுக்குத் தெரிந்திராதது உங்களிடம் என்ன இருக்கிறது?’ என்று வையுங்கள்.

13. ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். எப்போது கூடுவது?

எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகக் கூடுங்கள். மூன்றாம் பதிலின் வரிசையில் எழுதுவதும் படிப்பதும் அவரவர் பகலில் நடக்கட்டும். பேச வேண்டியதற்கு மட்டும் பொது நேரம் தேடுங்கள். ஒருவருக்குத்தான் எப்போதும் நள்ளிரவு என்றால் அவர் மூன்றாவது கூட்டத்திலிருந்து காணாமல் போவார். நேரத்தைச் சுழற்றுங்கள்.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC) எழுதி, பக்கத்தில் அவரவர் நேரத்தையும் போடுங்கள். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகள் ஒரே நாளில் மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பிய நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் மாற்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கூட்டம் யாருக்காவது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கெடு குறிப்பதிலும் கவனம் தேவை. ‘வெள்ளி இரவு 12 மணி’ என்றால் வெள்ளி தொடங்கும்போதா, முடியும்போதா? ‘வெள்ளி 23:59’ என்று எழுதினால் வழக்கு இல்லை.

14. நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா?

திரையில் அந்தச் செய்தி திறந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. அடுப்பு பக்கத்தில் ஒரு கண்ணும் கைப்பேசியில் ஒரு கண்ணுமாகப் பார்த்திருப்பார். கேட்ட விதத்தையும் பாருங்கள். “யாராவது இதைச் சரிபார்க்கிறீர்களா?” என்று குழுவில் போட்டால் அந்த யாராவது என்பவர் எங்கள் குழுவில் இல்லை, உங்கள் குழுவிலும் இருக்கமாட்டார். க்ரெக் பாரன், எல்டாட் யெச்சியம் என்ற இருவர் 2002-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே கேள்வியை மின்னஞ்சலில் ஒருவருக்கு மட்டும் அனுப்பியபோது, ஐந்து பேருக்குச் சேர்த்து அனுப்பியதைவிடப் பதில் அதிகமாக வந்தது.

பெயர் சொல்லுங்கள், ஒரே காரியத்தைக் கேளுங்கள், நாள் குறியுங்கள். பார்த்தேன் என்பதற்கு ஒரு கட்டைவிரல் குறி, முடித்தேன் என்பதற்கு வேறு குறி என்று குழுவில் பேசிவைத்துக்கொள்ளலாம். சில குழுக்களில் கட்டைவிரலே ‘ஒப்புக்கொண்டேன்’ என்றும் ‘பார்த்தேன்’ என்றும் இரட்டை வேடம் போட்டு மாட்டிவிட்டிருக்கிறது.

15. இரண்டு பேர் தனியாகப் பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள். தனிச்செய்தியைத் தடை செய்யலாமா?

தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேச 10 இணைகள் உண்டு. பத்துப் பேர் என்றால் 45. இருபது பேர் என்றால் 190. இத்தனை ஜன்னலையும் யார் காவல் காப்பது? தயக்கமான கேள்விகளும் பாதி வெந்த யோசனைகளும் தனிமையில்தான் முதலில் பிறக்கும்.

ஏட்டில் ஏறாத முடிவு முடிவே இல்லை என்ற ஒரே விதியை வையுங்கள். தனியாகப் பேசியவர்கள் அன்றே இரண்டு வரி எழுத வேண்டும், மற்றவர்களுக்கு மறுக்க ஒரு நாள் இருக்க வேண்டும். எங்கள் தொகுப்பில் இந்த விதி வந்த முதல் மாதத்தில் அதை மீறியவன் நானே. வடிவமைப்பாளரோடு தொலைபேசியில் பேசி வரிசையை மாற்றினேன்; ஏட்டில் எழுத மறந்தேன்; இருவர் பழைய வரிசைப்படி ஒரு வாரம் உழைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் என்னிடம் அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

16. ஒருவரிடம் திறன்பேசி இல்லை, இன்னொருவருக்குப் பார்வை இல்லை. அவர்களுக்காக எல்லாரும் மாற வேண்டுமா?

பெரும்பாலும் சிறிய மாற்றங்களே போதும், அவை மற்றவர்களுக்கும் பயன்படும். அறிவிப்பைப் படமாக்கி அனுப்பாமல் எழுத்தாக அனுப்பினால், பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதை வாசிக்கும்; நாமும் தேடி எடுக்கலாம். காது கேளாதவர் குழுவில் இருந்தால் ஏழாம் பதிலில் சொன்ன அந்த ஒரே வரி போதாது, குரல் பதிவின் முழுச் செய்தியையும் எழுத்தில் தர வேண்டும். திறன்பேசி இல்லாதவருக்கு வாரம் ஒருமுறை அழைத்து ஏட்டைப் படித்துக் காட்ட ஒருவரை நியமியுங்கள். ‘யாராவது சொல்லிவிடுங்கள்’ என்று விட்டால் என்ன ஆகும் என்பது பதினான்காம் பதிலில் இருக்கிறது.

17. குழுவில் போடுவதெல்லாம் பாதுகாப்பானதா?

வாட்ஸ்அப் 2016 முதல் எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் தருகிறது. வழியில் இருப்பவர் படிக்க முடியாது. டெலிகிராம் குழுக்களுக்கு அந்த வகை மறையாக்கம் இல்லை. அங்கே அது இருவருக்கு இடையிலான ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான். ஆனால் செய்தி கசிவது பெரும்பாலும் வழியில் அல்ல, முனையில். ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புகிறார். விலகிப்போனவரின் பெயர் பகிர்வு ஆவணத்தில் அப்படியே கிடக்கிறது. ‘சுட்டி உள்ள எவரும் திருத்தலாம்’ என்ற தேர்வு யாரோ ஒருநாள் அவசரத்துக்குப் போட்டது. உறுப்பினர் விலகும் அன்றே உரிமைகளையும் எடுங்கள். கடவுச்சொல்லைக் குழுவில் போடாதீர்கள்.

18. புதுச் செயலி ஒன்று பிரமாதமாக இருக்கிறது. பாதி வேலையில் மாறலாமா?

யார் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குழுவிலேயே கணினிப் பித்து மிகுந்தவர் கேட்பார், நானும் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் மாறி பாதிப் பேர் பழைய இடத்திலேயே இருந்தால் முன்பு ஓரிடத்தில் தேடியதை இனி இரண்டிடத்தில் தேட வேண்டியிருக்கும். எல்லாரும் வராத கருவிக்கு மதிப்பு இல்லை.

மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் உண்டு. இலவசத் திட்டங்களின் வரம்பைத் தொடங்கும்போதே பாருங்கள். இதை எழுதும்போது ஜூம் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிகிறது. ஸ்லாக் என்ற குழு அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. மாறுவதென்றால் ஒரு கட்டம் முடிந்த மறுநாள் மாறுங்கள். பழைய இடத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டுங்கள். ஏட்டை முதலில் கொண்டுபோங்கள். அரட்டையைக் கொண்டுபோக வேண்டிய தேவை அநேகமாக வராது.

19. நீங்கள் சொன்னபடி எல்லாம் வைத்தோம். ஏட்டை யாருமே திறப்பதில்லை.

எங்களிடமும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் கிடந்தது. “கெடு எப்போது?” என்று குழுவில் கேட்டால் நானே உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் கையில் கிடைக்கும்போது யார் எழுந்துபோய் ஏட்டைத் திறப்பார்கள்? பிறகு பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, ஏட்டில் அந்த வரிக்கான சுட்டியை மட்டும் அனுப்பத் தொடங்கினேன். சிலருக்கு முகம் வாடியது. ஒருவர், “ஒரு தேதியைச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?” என்றே கேட்டார்.

நான்காவது வாரம் ஒரு காலை, கெடு தேதி ஏட்டில் தவறாக இருக்கிறது என்று அதே நபர் எனக்குச் செய்தி அனுப்பினார். பார்த்தேன், 16 என்பதை 19 என்று எழுதியிருந்தேன். திருத்திவிட்டு அவருக்கு நன்றி சொன்னேன்.